எந்த ஆப்பில் எடுத்தாலும் அதே சீட்டுதான்: ஏற்காடு போக ஒரு ரயில் டிக்கெட்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)



ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காட்டுக்குப் போகாது. இதிலிருந்தே ஆரம்பிக்கலாம். சென்னை சென்ட்ரலில் ராத்திரி பதினோரு மணி வாக்கில் 22649-ல ஏறினால், விடியறதுக்கு முன்னாடி உங்களை சேலம் ஜங்ஷனில் இறக்கிவிட்டுட்டு அது பாட்டுக்கு ஈரோட்டுக்குப் போயிடும். அங்கிருந்து மலைக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம், 20 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்கணும். சேர்வராயன் மலையில் தண்டவாளமே கிடையாது. அதனால எந்த ஆப்பைத் திறந்தாலும் போய்ச் சேரும் இடத்தில் நீங்க போட வேண்டியது சேலம் ஜங்ஷன், ஸ்டேஷன் கோடு எஸ்ஏ.

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு வாய்ஸ் நோட். அனுப்பினவங்க அங்கே ஒரு ஹோம்ஸ்டேயில் ரிசப்ஷன் பார்க்கிறாங்க. "அண்ணா, ஞாயித்துக்கிழமை ஊருக்குத் திரும்புற கெஸ்ட் எல்லாரும் எங்கிட்டதான் கேக்குறாங்க, எந்த ஆப்ல போட்டா டிக்கெட் கன்ஃபர்ம் ஆகும்னு. சில பேர், 'மேல ஒரு நூறு ரூபா வச்சுக்கோம்மா, உன் ஐடியிலயே போட்டுக் குடுத்துடு'ங்கிறாங்க. போட்டுக் குடுக்கலாமாண்ணா?"

இதுல ரெண்டு கேள்வி இருக்கு. முதல் கேள்விக்குத் தப்பா பதில் சொன்னா கொஞ்சம் காசு போகும். ரெண்டாவதுக்குத் தப்பா பதில் சொன்னா அந்தப் பொண்ணு மேல கேஸ் ஆகலாம். ரெண்டையும் வரிசையாப் பார்ப்போம்.

கிடங்கு ஒண்ணு, ஜன்னல்தான் பல

இந்திய ரயில்வேயில் முன்பதிவு சீட்டு எல்லாம் ஒரே சிஸ்டத்துக்குள்ள இருக்கு. அதுக்குப் பேர் பிஆர்எஸ். அதை எழுதிப் பராமரிக்கிறது கிரிஸ் என்கிற அமைப்பு. 1986-ல ரயில்வே தன்னோட மென்பொருள் வேலைக்காகவே ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி வைக்கப்பட்ட ஒரு ஜன்னல்தான் ஐஆர்சிடிசி. இது 1999-ல தொடங்கின நிறுவனம். 2002-லிருந்து ஆன்லைனில் டிக்கெட் விற்குது. அவங்க வெப்சைட் ஒண்ணு, 2017-ல வந்த ரயில் கனெக்ட் ஆப் ஒண்ணு. 2025 ஜூலையில் கிரிஸ் தயாரிப்பில் ரயில்ஒன் ஆப் வந்தது. சேலம் ஜங்ஷன் கவுன்ட்டரில் கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற கம்ப்யூட்டரும் இதே கிடங்கைத்தான் கேக்குது.

இக்சிகோ, அவங்க 2021-ல வாங்கின கன்ஃபர்ம்டிக்கெட், மேக்மைட்ரிப், பேடிஎம், ரெட்பஸ் எல்லாம் ஐஆர்சிடிசி கொடுக்கிற ஏபிஐ வழியாத்தான் உள்ளே போறாங்க. அதனாலதான் எந்த ஆப்பில் எடுத்தாலும் உங்க ஐஆர்சிடிசி யூசர் ஐடியைக் கேக்குறாங்க. ஆவின் பூத் மாதிரி நினைச்சுக்கோங்க. எந்தக் கடையில் வாங்கினாலும் உள்ளே இருக்கிறது அதே பால். ஒரு கடைக்காரர் சிரிச்சுப் பேசுவார், இன்னொருத்தர் பைக்கு ரெண்டு ரூபா கேப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போ ஒரு ஆப்பில் 'அவைலபிள் 12', இன்னொண்ணுல 'அவைலபிள் 5' எப்படிக் காட்டுது? அதுக்குப் பேர் கேஷிங். ஒவ்வொருத்தர் தேடும்போதும் கிடங்கு வரைக்கும் போய்க் கேட்டா சர்வர் தாங்காது. அதனால கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி கேட்டு வச்ச பதிலையே காட்டுவாங்க. அந்த எண்ணைத் தொட்டு ரெஃப்ரெஷ் பண்ணினா ரெண்டு ஆப்பும் ஒரே பதிலுக்கு வந்துடும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சினிமா டிக்கெட்டில் நீங்க பணம் கட்டும் வரைக்கும் சில நிமிஷம் அந்த சீட்டைப் பிடிச்சு வைப்பாங்க. ரயிலில் அப்படிக் கிடையாது. பணம் போய்ச் சேர்ந்து பிஎன்ஆர் உருவாகும்போதுதான் சீட்டு உங்களுக்கு ஒதுக்கப்படும். 'அவைலபிள் 3'ன்னு பார்த்துப் பணம் கட்டி, கடைசியில் கையில வெயிட்டிங் லிஸ்ட் வர்றது இதனாலதான். ஆப் ஏமாத்தலை. நீங்க யுபிஐ பின் போட்டுக்கிட்டிருந்த நேரத்தில் வேற மூணு பேர் முடிச்சுட்டாங்க.

மேல எவ்வளவு போடுறாங்க?

சீட்டு ஒண்ணுதான்னா, ஒப்பிட வேண்டிய முதல் விஷயம் கட்டணம்.

கவுன்ட்டரில் எடுத்தா ஆன்லைன் வசதிக் கட்டணம் கிடையாது. ஐஆர்சிடிசியில் யுபிஐ மூலம் கட்டினா ஸ்லீப்பர் மாதிரி ஏசி இல்லாத வகுப்புக்கு 10 ரூபாய், ஏசிக்கு 20 ரூபாய். கார்டு, நெட்பேங்கிங்னா அதுவே 15, 30. இதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதாவது ஸ்லீப்பருக்கு யுபிஐயில் 11 ரூபாய் 80 காசு, கார்டில் 17 ரூபாய் 70 காசு. இது டிக்கெட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. நாலு பேர் சேர்ந்து போறீங்கன்னா நாலு டிக்கெட்டா உடைக்காம ஒண்ணா எடுத்தா ஒரு தடவைதான் கட்டுவீங்க. ரத்து பண்ணினா இந்தத் தொகை திரும்ப வராது. பண மதிப்பிழப்புக்கு அப்புறம் 2016 நவம்பரில் இதை நிறுத்தி வச்சிருந்தாங்க. 2019 செப்டம்பரில் திரும்பக் கொண்டு வந்தாங்க.

தனியார் ஆப்பில் இந்தக் கட்டணம் அப்படியே இருக்கும். அதுக்கு மேல அவங்களோட சேவைக் கட்டணம், சில இடத்தில் பேமென்ட் கேட்வே கட்டணம். முதல் பக்கத்தில் பெரிசா தெரியறது ரயில்வே கட்டணம் மட்டும்தான். உண்மையான விலையைப் பணம் கட்டுற பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் பாருங்க. 'சர்வீஸ் ஃபீ ஜீரோ'ன்னு கூப்பன் கொடுத்தாங்கன்னா எடுத்துக்கலாம், தப்பில்லை. ஆனா கீழே ஏற்கனவே டிக் போட்டு வச்சிருக்கிற பெட்டிகளையும் பாருங்க.

அந்தப் பெட்டியில் பெரும்பாலும் இருக்கிறது 'ஃப்ரீ கேன்சலேஷன்'. பேர்லதான் ஃப்ரீ. நீங்க முன்கூட்டியே ஒரு தொகை கட்டுறீங்க. ரத்து பண்ணினா ரயில்வே வழக்கம்போல பிடிக்கிறதைப் பிடிச்சுக்கும். அந்தப் பிடித்தத்தை ஆப் தன் கையிலிருந்து ஈடு பண்ணும். அதாவது ஒரு வகை இன்சூரன்ஸ். லீவ் கிடைக்குமான்னே தெரியாத ஆளுக்கு இது லாபமா இருக்கலாம். கண்டிப்பா போகப் போறவருக்கு வீண் செலவு. இதே சாயலில் 'கன்ஃபர்ம் ஆகலைன்னா ரெண்டு மடங்கு திரும்ப'ன்னு ஒண்ணு வரும். அந்த ரெண்டாவது மடங்கு பணமா வருதா, கூப்பனா வருதான்னு நிபந்தனையைப் படிச்சுட்டு எடுங்க. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண் சொல்றேன்: ஐஆர்சிடிசியில் விபத்துக்கான பயணக் காப்பீடு ஆளுக்கு 45 காசு.

பணம் போச்சு, டிக்கெட் வரலை

என்னைக் கேட்டா கட்டணத்தை விட முக்கியமான ஒப்பீடு இதுதான். எல்லாம் நல்லபடியா நடந்தா எல்லா ஆப்பும் நல்ல ஆப்தான். நடுவில் அறுந்தால் என்ன ஆகும்னு பார்க்கணும்.

ஐஆர்சிடிசியில் நேரா எடுத்தா உங்க பேங்க், பேமென்ட் கேட்வே, ஐஆர்சிடிசி, பிஆர்எஸ்னு சங்கிலி போகும். தனியார் ஆப்பில் நடுவில் ஒரு கண்ணி கூடுது. நீங்க ஆப்புக்குப் பணம் கட்டுறீங்க, ஆப் ஐஆர்சிடிசிக்குக் கட்டுது. பெரும்பாலும் பணம் கட்டின பிறகுதான் ஐஆர்சிடிசி பாஸ்வேர்டைக் கேக்கும். அங்கே பாஸ்வேர்ட் மறந்துபோச்சுன்னா பணம் அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம். மலையில் சிக்னல் ஒரு வளைவில் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. கண்ணி கூடக் கூட அறுக்கிற இடமும் கூடுது. ரத்து பண்ணும்போது பணம் திரும்பி வர்றதும் இதே வழியில்தான். ஐஆர்சிடிசி ஆப்புக்கு அனுப்பணும், ஆப் உங்களுக்கு அனுப்பணும்.

உங்க பக்கம் ஒரு விதி இருக்கு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட உத்தரவுப்படி, யுபிஐயில் உங்க கணக்கிலிருந்து பணம் போய், கடைக்காரருக்கு உறுதி ஆகலைன்னா, அஞ்சு நாளுக்குள்ள அது தானாத் திரும்பி வரணும். அதுக்கு மேல தாமதமானா நாளுக்கு 100 ரூபாய் ஈடு தரணும். அதனால பதற்றப்பட்டு கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' தேடாதீங்க. ரீஃபண்ட் தர்றோம்னு சொல்லி ஓடிபி கேக்குற கும்பல் காத்திருக்கிற இடமே அதுதான். போலி ஐஆர்சிடிசி ஆப் பத்தி ஐஆர்சிடிசியே 2023-ல எச்சரிச்சிருக்கு. ஆப்பைப் ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்க. ரயில்வே உதவி எண் 139.

சங்கிலியைச் சின்னதாக்க ஒரு வழி இருக்கு. ஐஆர்சிடிசியோட ஐபேயில் ஆட்டோபே என்கிற வசதி. பணத்தை உங்க கணக்கிலேயே பிடிச்சு வச்சிருக்கும். பிஎன்ஆர் உருவானால்தான் எடுக்கும். இல்லைன்னா ஐஆர்சிடிசி இ-வாலட்டில் முன்னாடியே பணம் போட்டு வைக்கலாம். நெருக்கடி நேரத்தில் பேங்க் சர்வரைக் கெஞ்ச வேண்டியதில்லை.

தட்கலும் தேதிக் குழப்பமும்

2025 மே 22 அன்னைக்கு ஐஆர்சிடிசியில் ஒரே நிமிஷத்தில் 31,814 டிக்கெட் பதிவாச்சுன்னு ரயில்வே சொல்லுது. நீங்க போட்டி போடுறது இந்தக் கூட்டத்தோட.

தட்கல் ஏசி வகுப்புக்குக் காலை 10 மணிக்கு, ஏசி இல்லாததுக்கு 11 மணிக்குத் திறக்கும். 2025 ஜூலை 1-லிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியும். ஏஜென்ட்களுக்கு முதல் அரை மணி நேரம் கதவு மூடியிருக்கும். அதனால 'ஜங்ஷன் பக்கத்தில் ஒரு டிராவல்ஸ்காரர் இருக்கார், சொல்லி வச்சா தட்கல் வாங்கித் தருவார்' என்கிற பழைய நம்பிக்கையை விட்டுடுங்க. அக்டோபரிலிருந்து சாதாரண முன்பதிவு திறக்கும் முதல் 15 நிமிஷத்துக்கும் ஆதார் கட்டாயம் ஆச்சு. அப்புறம் அந்த நேரத்தை நீட்டிக்கிட்டே போனாங்க. 60 நாளுக்கு முன்னாடி காலை 8 மணிக்குத் திறக்கிறது இது. 2024 நவம்பருக்கு முன்னாடி 120 நாளா இருந்தது. மே மாசக் கோடை விழாவுக்குப் போறவங்க மார்ச்சிலேயே காலண்டரில் குறிச்சு வைங்க.

தட்கலுக்கு என் பதில்: ரயில் கனெக்ட் ஆப் அல்லது வெப்சைட். பயணிகள் பட்டியலை முந்தின நாளே சேமிச்சு வச்சுடுங்க. நடுவில் இன்னொரு ஆப் இருந்தா போறது சில நொடிதான், ஆனா தட்கலில் அந்தச் சில நொடிதான் எல்லாமே. கன்ஃபர்ம் ஆன தட்கலை ரத்து பண்ணினா பணம் திரும்ப வராதுங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

அடுத்தது சேலத்துக்கே உரிய ஒரு குழி. சேலம் நடுவில் இருக்கிற ஸ்டேஷன். கேரளாவிலிருந்து சென்னை வர்ற பல ரயில் நள்ளிரவு தாண்டித்தான் சேலத்தைத் தொடும். திருவனந்தபுரம் மெயிலை எடுத்துக்கோங்க. ஞாயிறு மதியம் 3 மணிக்கு அங்கே கிளம்பும். சேலத்துக்கு வரும்போது திங்கள்கிழமை பிறந்திருக்கும். ஆப்பில் நீங்க தேட வேண்டிய தேதி திங்கள். ஆனா தட்கல் கணக்கு ரயில் கிளம்பும் ஊரோட தேதியை வச்சுத்தான். அதாவது ஞாயிறுக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை. ஞாயிறு காலை பத்து மணிக்கு அலாரம் வச்சு எழுந்தவங்களுக்கு ஒண்ணும் இருக்காது. சனிக்கிழமை பத்து மணிக்கு நீங்க ஏரியில் படகுக்கு க்யூவில் நிப்பீங்க. படகு அப்புறம் போகலாம்.

அதே ஞாயிறு ராத்திரி ஈரோட்டிலிருந்து வர்ற ஏற்காடு எக்ஸ்பிரஸ் பத்து மணி வாக்கிலேயே சேலம் வந்துடும். அதுக்குத் தேதி ஞாயிறு, தட்கல் சனி. ரெண்டு ரயில், தேடுற தேதி வேற, தட்கல் நாள் ஒண்ணு. இதை எல்லா ஆப்பும் தெளிவாச் சொல்றதில்லை.

72 சதவீதம் கன்ஃபர்ம் ஆகுமாம்

தனியார் ஆப்கள் நிஜமாவே நல்லாப் பண்ற வேலை தகவல் தர்றதுதான். வெயிட்டிங் லிஸ்ட் கன்ஃபர்ம் ஆகுமான்னு ஒரு சதவீதம் காட்டுவாங்க. ஐஆர்சிடிசியும் 2018-லிருந்து காட்டுது. இது பழைய தரவை வச்சுப் போடுற கணிப்பு. சாதாரண வாரத்தில் ஓரளவு உதவும். பொங்கல், தீபாவளி, நீண்ட வார இறுதின்னா அதையே நம்பி ரூமைக் காலி பண்ணாதீங்க.

சதவீதத்துக்கு முன்னாடி வெயிட்டிங் லிஸ்ட் எந்த வகைன்னு பாருங்க. ஜிஎன்டபிள்யூஎல் பொது ஒதுக்கீடு. நகர்ற வாய்ப்பு அதிகம். ஆர்எல்டபிள்யூஎல், பிக்யூடபிள்யூஎல் ரெண்டும் நடு ஸ்டேஷன்களுக்கான சின்ன ஒதுக்கீடு, மெதுவாத்தான் நகரும். தட்கல் வெயிட்டிங் இன்னும் கடினம். ஆர்எல்டபிள்யூஎல் 8-ஐ விட ஜிஎன்டபிள்யூஎல் 20 நல்லதா இருக்கலாம்.

இங்கேதான் கன்ஃபர்ம்டிக்கெட் மாதிரி ஆப்கள் கை கொடுக்கும். சேலத்திலிருந்து இடமில்லைன்னா, அதே ரயிலில் முன்னாடி ஊரிலிருந்து இருக்கான்னு தேடிச் சொல்லும். ஈரோட்டிலிருந்து டிக்கெட் எடுத்து, ஏறும் இடம் சேலம்னு மாத்திக்கலாம். கட்டணம் கொஞ்சம் கூடும், விதிப்படி சரிதான். அங்கே தேடிட்டு ஐஆர்சிடிசியில் எடுத்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க.

வெயிட்டிங் லிஸ்டில் எல்லாரும் இருக்கிற இ-டிக்கெட், சார்ட் போட்டதும் தானா ரத்தாகி, பணம் திரும்ப வரும். அதை வச்சு ரயில் ஏற முடியாது. முன்னாடி நாலு மணி நேரத்துக்கு முன்னாடிதான் முதல் சார்ட் வரும். 2025-லிருந்து அதை இன்னும் சீக்கிரமாக்கிட்டாங்க. தூரத்திலிருந்து வர்ற ரயில்னா பெரும்பாலும் நீங்க மலையிலிருந்து இறங்குறதுக்கு முன்னாடியே முடிவு தெரியும். சார்ட் வந்ததும் ஐஆர்சிடிசியில் 'சார்ட் வேகன்சி' பக்கத்தைத் திறங்க. எந்தப் பெட்டியில் எந்த பெர்த் எந்த ஊர் வரைக்கும் காலின்னு தெரியும். 2019-லிருந்து எல்லாருக்கும் திறந்த பக்கம் அது. காலியா இருந்தா கரன்ட் புக்கிங்கில் எடுக்கலாம். கையில் ரெண்டாவது திட்டமா பஸ் டிக்கெட்டும் யோசிச்சு வைங்க. சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து ராத்திரி முழுக்க பஸ் இருக்கு.

ஈரோடு வரைக்கும் போறவங்களுக்கு முன்பதிவே வேண்டாம். ரயில்ஒன் ஆப்பில் அன்ரிசர்வ்ட் டிக்கெட் எடுக்கலாம். முன்னாடி யுடிஎஸ் ஆப்பில் இருந்த வேலை அது. மூணு மணி நேரத்துக்குள்ள பயணம் ஆரம்பிக்கணும், அதனால மலையில் பஸ் ஏறும்போதே எடுத்துடலாம். ஸ்டேஷனுக்குள்ள வந்த பிறகு ஜிபிஎஸ் விடாது, அங்கே ஒட்டியிருக்கிற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணணும். காகிதமில்லா டிக்கெட்டை ரத்து பண்ண முடியாது.

கெஸ்ட்டுக்கு நானே போட்டுக் கொடுக்கலாமா?

இப்போ அந்தத் தங்கச்சியோட ரெண்டாவது கேள்வி. சொந்த ஐடியில் வீட்டு ஆளுக்கு, நண்பருக்கு டிக்கெட் எடுக்கலாம். இனிஷியல் வேறயா இருந்தா தப்புன்னு ஒரு வதந்தி ஓடினப்போ, அப்படி இல்லைன்னு 2024 ஜூனில் ரயில்வே விளக்கம் கொடுத்தது. மாசத்துக்கு 12 டிக்கெட், ஆதார் இணைச்சிருந்தா 24.

அந்த 'மேல நூறு ரூபா'தான் பிரச்சினை. அனுமதி இல்லாம ரயில் டிக்கெட் வாங்கி விக்கிறதைத் தொழிலாப் பண்றது 1989 ரயில்வே சட்டம் பிரிவு 143-ன்படி குற்றம். மூணு வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். இந்தச் சட்டம் வந்தப்போ ஆன்லைன் டிக்கெட்டே கிடையாது, அதனால இ-டிக்கெட்டுக்குப் பொருந்தாதுன்னு ஒரு வாதம் இருந்தது. கோட்டயம் ரயில்வே பாதுகாப்புப் படை தொடுத்த வழக்கில், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதுக்கும் பொருந்தும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு.

கெஸ்ட் அந்தத் தொகையை டிப்ஸ்னு சொல்லுவார். வாராவாரம் முகம் தெரியாத ஆட்கள் பேரில் ஒரே ஐடியிலிருந்து டிக்கெட் போனா, பார்க்கிறவங்க கண்ணுக்கு அது வியாபாரம். மாட்டினா கெஸ்ட் சென்னையில் இருப்பார், ஐடி உன்னோடது. அதனாலம்மா, அவங்க போனில், அவங்க ஐடியில், அவங்களையே போடச் சொல்லு. பக்கத்தில் நின்னு வழி காட்டு. முதலாளி சொன்னாலும் உன் ஐடியைத் தராதே. ஹோட்டலுக்கு இது நிஜமாவே தேவைன்னா, ஐஆர்சிடிசி அங்கீகாரம் உள்ள ஏஜென்ட் மூலமா அவங்க ஏற்பாடு பண்ணட்டும். கெஸ்ட்களுக்கும் ஒரு வார்த்தை: உங்க சோம்பேறித்தனத்துக்கு நூறு ரூபாய் விலை, அந்தப் பொண்ணுக்கு அது வேலையாவே போகலாம்.

சுருக்கமா

தேடவும் ஒப்பிடவும் கன்ஃபர்ம்டிக்கெட், இக்சிகோ மாதிரி ஆப்கள். பணம் கட்ட ஐஆர்சிடிசி, அதுவும் யுபிஐயில். தட்கலுக்கு ஆதார் இணைச்ச ரயில் கனெக்ட், முன்னாடியே பணம் போட்ட வாலட். பொது டிக்கெட்டுக்கு ரயில்ஒன். பிளான் மாறலாம்னா மட்டும் காசு கட்டி 'ஃப்ரீ' கேன்சலேஷன். ஆன்லைன் பழக்கமில்லாத அப்பா அம்மாவுக்கு கவுன்ட்டர் இன்னும் இருக்கு, அதுல குறைச்சல் ஒண்ணும் இல்லை.

இன்னைக்கே பண்ண வேண்டிய வேலை ஒண்ணே ஒண்ணு: ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முடிச்சுடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. தட்கல் நாள் காலை 9.58-க்கு அது ரெண்டு நிமிஷத்தில் முடியாது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டாவே அனுப்புங்க.